வெளியில் கிடைத்த எலும்பு எந்த விலங்கினுடையது? கண்டறியும் முழு வழிமுறை

தோட்டம் கொத்தும்போதோ, ஆற்று மணலிலோ, காட்டுப் பாதையோரத்திலோ ஓர் எலும்பு கிடைத்தால் எவருக்கும் முதலில் எழும் கேள்வி "இது எந்த விலங்கு?" என்பதுதான். உண்மையில் அது வரிசையில் கடைசியாக வர வேண்டிய கேள்வி. இது எலும்புதானா, மனித எலும்பாக இருக்க வாய்ப்பு உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். அடுத்து உடலில் எந்த இடத்து எலும்பு, வளர்ந்த விலங்கா குட்டியா, பாலூட்டியா பறவையா மீனா என்று பார்க்க வேண்டும். இனத்தின் பெயருக்கு வருவது அதற்குப் பிறகுதான். இந்த வரிசையை மீறி, இணையத்தில் ஒத்த படம் தேடித் தொடங்குபவர்கள் பெரும்பாலும் தவறான பெயரில் போய் நிற்கிறார்கள். ஆட்டுக்கும் நாய்க்கும் தொடை எலும்பு தூரத்திலிருந்து பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். வித்தியாசம் மூட்டு முனைகளில் இருக்கிறது.

தொடுவதற்கு முன்

எலும்பை எடுப்பதற்கு முன் அது கிடந்த நிலையிலேயே படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேலை வையுங்கள். நாணயமோ பேனாவோ வைத்தால் பிறகு அளவு கணக்கிடுவது சிரமம். சுற்றி இரண்டு மூன்று மீட்டருக்குள் வேறு எலும்புகள், பற்கள், கொம்பு, முடி, குளம்பு கிடக்கிறதா என்று பாருங்கள். தனி விலா எலும்பு ஒன்றை வைத்து எதுவும் சொல்ல முடியாத இடத்தில், அதன் அருகே கிடந்த ஒரு கடைவாய்ப் பல் முழு விடையையும் தந்துவிடும்.

சதை, தோல், வாடை இருந்தால் வெறுங்கையால் தொடவே கூடாது. ஆந்த்ராக்ஸ் கிருமியின் விதைத்துகள்கள் மண்ணில் பல பத்தாண்டுகள் உயிர்ப்புடன் இருக்கக்கூடியவை. மூக்கிலும் வாயிலும் உறையாத ரத்தம் கசிந்தபடி செத்துக் கிடக்கும் கால்நடை என்றால் கிட்டவே போகாமல் கால்நடை மருத்துவத் துறைக்குத் தகவல் சொல்லுங்கள். காய்ந்து வெளுத்த எலும்புக்கும் கையுறை போடுவது நல்லது. எலும்பை உடைக்கவோ உரசவோ நேர்ந்தால் முகக்கவசமும் வேண்டும், ஏனென்றால் அந்தத் தூசி நுரையீரலுக்குள் போகக்கூடாது.

மனித எலும்பாக இருக்கலாம் என்ற ஐயம் துளி இருந்தாலும் வேலை அங்கேயே நிற்க வேண்டும். எலும்பை நகர்த்தாமல், தோண்டாமல், இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு காவல்துறையிடம் சொல்லுங்கள். ஐயப்பட வேண்டிய அறிகுறிகள் இவை: உருண்டையான பெரிய மூளைப்பெட்டி, அடிப்பாகத்தில் கீழ்நோக்கித் திறக்கும் தண்டுவடத் துளை, முன்னோக்கித் துருத்திய முகவாய், 40 செ.மீ.க்கு மேல் நீண்டு பின்புறம் ஒரே வரம்பு ஓடும் மெலிந்த தொடை எலும்பு, பக்கத்தில் துணி, பொத்தான், நகை, பெட்டி ஆணி. குழந்தை எலும்பு இன்னும் ஏமாற்றும். முனைகள் ஒட்டாமல், மெல்லியதாக இருப்பதால் அதைச் சிறு விலங்கின் எலும்பு என்று ஒதுக்கிவிடுவார்கள். தோல் உரிந்த கரடிப் பாதம் மனிதக் கைபோலத் தோன்றி எதிர்ப்பக்கமாக ஏமாற்றும். எதுவானாலும் முடிவு செய்ய வேண்டியவர் தடயவியல் நிபுணர், நாம் அல்ல.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். பாதுகாக்கப்பட்ட காட்டுயிரின் எலும்பு, பல், கொம்பு, தந்தம் ஆகியவற்றை வீட்டில் வைத்திருப்பதே பல நாடுகளில் குற்றம். தானாக இறந்த விலங்கு என்பது அங்கே காரணமாகாது. சந்தேகம் இருந்தால் படம் மட்டும் எடுத்துக்கொண்டு எலும்பை அதன் இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

எலும்புதானா?

சுண்ணாம்புக்கல், காய்ந்த மரக்கட்டை, பவளத்துண்டு, வெளுத்த பிளாஸ்டிக் குழாய் எல்லாமே எலும்பாகத் தோன்றியிருக்கின்றன. உடைந்த விளிம்பைப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வழியே பாருங்கள். எலும்பில் இரண்டு அடுக்கு தெரியும்: வெளியே கெட்டியான, வழுவழுப்பான ஓடு, உள்ளே, குறிப்பாக முனைகளை ஒட்டி, சிறு அறைகள் நிறைந்த பஞ்செலும்பு. தண்டுப் பகுதியில் ரத்தக்குழாய் நுழையும் சாய்வான ஒரு சிறு துளையும் இருக்கும். கல்லில் உள்ளும் புறமும் ஒரே தன்மை. மரத்தில் இழைகள் நேராக ஓடும். நாக்கில் வைத்து ஒட்டுகிறதா என்று பார்க்கும் பழைய சோதனையைச் செய்யாதீர்கள். நோய் வர வாய்ப்பு இருக்கிறது, நுண்துளைக் கற்களும் அப்படி ஒட்டும்.

உடலின் எந்த இடம்?

இந்தப் படிதான் மொத்த வேலையிலும் முக்கியமானது, ஆனால் அதிகம் பேர் தாண்டிப் போவதும் இதைத்தான். எலும்பின் பெயர் தெரியாமல் விலங்கின் பெயரைத் தேடினால் எதனோடு ஒப்பிடுவது என்றே தெரியாது.

நீளமான தண்டும் இரு பக்கமும் மூட்டும் இருந்தால் கால் எலும்பு. ஒரு முனையில் கழுத்தோடு கூடிய உருண்டைத் தலை, மறு முனையில் பின்னோக்கிய இரண்டு குமிழ்களும் முன்புறம் முழங்கால்சில்லு வழுக்கும் பள்ளமும் இருந்தால் அது தொடை எலும்பு. தலை உருண்டையாக இல்லாமல் தட்டையாக அகன்று, கீழ் முனை நூல்கண்டு வடிவில் குறுக்கே உருண்டிருந்தால் முன்னங்காலின் மேலெலும்பான ஹியூமரஸ். மேல் பகுதியில் தண்டு முக்கோணமாகவும் மேல்தளம் தட்டையாகவும் இருந்தால் கணைக்காலின் டிபியா. பிறை வடிவ வெட்டும் அதற்கு மேலே துருத்திய முனையும் கண்டால் முழங்கையின் அல்னா.

தட்டை எலும்புகளில் ஒரு பக்கம் நடுவே வரம்பு ஓடி, ஒரு முனையில் ஆழமில்லாத குழி இருந்தால் தோள்பட்டை எலும்பு. ஆழமான கிண்ணக்குழியும் அதன் அருகே பெரிய ஓட்டையும் இருந்தால் இடுப்பெலும்பு. நடுவில் தண்டுவடத் துளை உள்ள எதுவும் முள்ளெலும்பு: இறக்கை விரித்ததுபோல் அகன்றது முதல் கழுத்தெலும்பு, மேல்நோக்கி நீண்ட முள் உள்ளது மார்புப் பகுதி, பக்கவாட்டில் நீண்ட தகடுகள் உள்ளது இடுப்புப் பகுதி.

எங்கும் பொருந்தாத, ஒரு முனை கூர்ந்து அடியில் நீளவாக்கில் வாய்க்கால் உள்ள குச்சி எலும்பு கிடைத்தால் அது நாய், நரி, ஓநாய் வகையின் ஆண்குறி எலும்பாக இருக்கலாம். இதை வளைந்த விலா எலும்பு என்று பலர் எண்ணிக் குழம்புகிறார்கள்.

வளர்ந்ததா, குட்டியா?

நீள எலும்புகளின் முனைகள் தனித் துண்டாக உருவாகி, வளர்ச்சி முடிந்த பிறகே தண்டோடு ஒட்டுகின்றன. ஒட்டாத வயதில் இறந்த விலங்கின் முனை கழன்று விழுந்துவிடும். மீந்த பரப்பு மேடுபள்ளமாக, அலையலையாக, ஆனால் சிதையாமல் முழுமையாக இருக்கும். இதைப் பார்த்து "முனை உடைந்திருக்கிறது" என்று சொல்வது வழக்கமான பிழை. உண்மையில் உடைந்திருந்தால் பஞ்செலும்பின் அறைகள் திறந்து தெரியும். நாய் கடித்திருந்தால் ஓரம் பிய்ந்து, பல் பதிந்த குழிகள் இருக்கும்.

இதைச் சரியாகப் பார்க்காவிட்டால் அளவே பொய் சொல்லும். கன்றின் தொடை எலும்பு வளர்ந்த ஆட்டினுடைய அளவில் இருக்கலாம். அதனால் முனை ஒட்டாத எலும்பை அளவு வைத்து மதிப்பிடவே கூடாது. செம்மறியில் ஹியூமரஸின் கீழ் முனை ஒரு வயதுக்குள்ளேயே ஒட்டிவிடும். அதே எலும்பின் மேல் முனை ஒட்ட மூன்று வயதுக்கு மேல் ஆகும். கீழ் முனை ஒட்டி, மேல் முனை கழன்றிருந்தால் விலங்கின் வயது இந்த இரண்டுக்கும் நடுவில்.

பெருங்குழுவைப் பிரித்தல்

பறவை எலும்பு கையில் எடுத்ததுமே எடை குறைவாகத் தெரியும். ஓடு மெல்லியது, உள்ளே வெறுமை, சில இடங்களில் குறுக்குத் தாங்கிகள். மார்பெலும்பில் நடுவே உயர்ந்த தகடு இருக்கும். பாதத்துக்கு மேலுள்ள எலும்பு கீழே மூன்று குமிழ்களாக முடியும். இறக்கையின் அல்னா, அதன் இணை எலும்பான ரேடியஸைவிடத் தடிமனானது, பல பறவைகளில் அதன் மேல் இறகு ஊன்றும் சிறு புடைப்புகள் வரிசையாகத் தெரியும். முயல் எலும்பும் மெல்லிய ஓடு கொண்டது, அதனால் எடையை மட்டும் நம்பாமல் முனைகளைப் பாருங்கள்.

முள்ளெலும்பு கிடைத்தால் வேலை எளிது. இரு முகமும் குழிந்து, வளர்ச்சி வளையங்களோடு இருந்தால் எலும்பு மீன். முன்முகம் குழி, பின்முகம் உருண்டை என்றால் பாம்பு அல்லது பல்லி வகை. பாலூட்டிகளில் பொதுவாக இரு முகமும் ஏறக்குறைய தட்டை. மாடு, குதிரையின் கழுத்தெலும்புகள் இதற்கு விலக்கு. அவற்றின் முன்முகம் தெளிவாகத் துருத்தியிருக்கும். மண்டையோட்டில் பாலூட்டிக்குக் கழுத்தோடு சேரும் குமிழ் இரண்டு; பறவைக்கும் ஊர்வனவற்றுக்கும் ஒன்று. பாலூட்டியின் கீழ்த்தாடை பக்கத்துக்கு ஒரே எலும்பு; ஊர்வனவற்றில் பல துண்டுகள் சேர்ந்தது. தடித்த தகடு, ஓரத்தில் ரம்பப் பல் போன்ற இணைப்பு, மேலே கீறிய கோடுகள் என்றால் ஆமை ஓடு. இதை மண்டையோட்டுத் துண்டு என்று நினைப்பவர்கள் நிறைய.

கால் எலும்பு சொல்லும் சேதி

பாலூட்டி என்று தெரிந்த பிறகு, தாடை இல்லாத நேரத்தில் மிக நம்பகமானவை பாதத்தை ஒட்டிய எலும்புகள். விலங்கு எப்படி நடக்கிறது என்பது அங்கே அப்படியே பதிந்திருக்கிறது.

மாடு, ஆடு, மான் ஆகியவற்றில் குளம்புக்கு மேலே உள்ள நீண்ட எலும்பு, இரண்டு எலும்புகள் ஒன்றாய் இணைந்தது. இதைக் கெனான் எலும்பு என்பார்கள். முன்புறம் நடுவில் நீளமாக ஒரு பள்ளம், கீழ் முனையில் கப்பி வடிவில் இரண்டு மூட்டு முனைகள். குதிரையில் கீழ் முனை ஒன்றே. நடுவில் ஒரு வரம்பு, பின்பக்கம் இருபுறமும் மெலிந்த குச்சி எலும்புகள். பன்றியில் நான்கு தனித்தனிக் குட்டை எலும்புகள். நாயிலும் பூனையிலும் மெலிந்த தனி எலும்புகள் நான்கைந்து. மான்களைப் பிரிக்க ஒரு நல்ல அடையாளம் உண்டு: பின்னங்கால் கெனான் எலும்பின் முன்புறப் பள்ளம் கீழ் முனையை எட்டும் முன் எலும்புப் பாலம் ஒன்றால் மூடப்பட்டிருக்கும். ஆடு, மாடு, செம்மறியில் அது திறந்தே ஓடும்.

கணுக்காலின் அஸ்ட்ராகலஸ் கெட்டியான எலும்பு, மற்றவை மக்கிய பிறகும் தங்கும். மேலும் கீழும் கப்பி இருந்தால் இரட்டைக் குளம்பு விலங்கு: ஆடு, மாடு, மான், பன்றி. மேலே மட்டும் சாய்வான கப்பி என்றால் குதிரை. மேலே கப்பியும் கீழே கழுத்தோடு உருண்டைத் தலையும் என்றால் நாய், பூனை வகை. மனித அஸ்ட்ராகலஸுக்கும் அதே உருண்டைத் தலை உண்டு என்பதை நினைவில் வையுங்கள்.

ஹியூமரஸ் கிடைத்தால் முழங்கை முனைக்குச் சற்று மேலே பாருங்கள். மூட்டின் நடுவே ஊடுருவிய ஓட்டை நாயில் சாதாரணம். பூனையில் நடுவில் ஓட்டை இருக்காது, உட்பக்க ஓரத்தில் நீண்ட பிளவு ஒன்று இருக்கும். ஆடு, மாட்டில் இரண்டும் இல்லை. ஆட்டு எலும்பா நாய் எலும்பா என்ற சண்டையை இந்த ஓர் இடம் தீர்த்துவிடும்.

வளர்ந்த விலங்குகளின் அளவு தோராயமாக: மாட்டுத் தொடை எலும்பு 35 முதல் 40 செ.மீ., ஆடு, செம்மறி 16 முதல் 20, வீட்டுப்பூனை 10 முதல் 12, கோழி 7 முதல் 9. நாய்க்கு இப்படி எண் சொல்லிப் பயனில்லை, இனத்துக்கு இனம் அவ்வளவு வேறுபடும்.

பற்களும் தாடையும்

பல் கிடைத்தால் அதிலிருந்தே தொடங்குங்கள். உணவு மாறினால் பல்லின் வடிவம் மாறும், அதனால் பல்லில் பொய் குறைவு. ஆடு, மாடு, மானுக்கு மேல்தாடையில் முன்பற்களே கிடையாது. அந்த இடத்தில் கெட்டியான ஈறு மட்டும். கடைவாய்ப் பல்லின் மேல்பரப்பில் பிறை வடிவ வரம்புகள் ஓடும். கீழ்த்தாடையின் கடைசிப் பல் மட்டும் மூன்று மடல் கொண்டது, மற்றவற்றில் இரண்டு. குதிரைக்கு மேலும் கீழும் ஆறு ஆறு முன்பற்கள், கடைவாய்ப் பற்கள் சதுரமாக, உயரமாக, எனாமல் மடிப்புகள் சிக்கலாக. பன்றிக்கு 44 பல், கடைவாயில் மேடுமேடான குமிழ்கள். நாய்க்கு 42, பூனைக்கு 30. இரண்டுக்கும் கத்திபோல் ஒன்றையொன்று உரசி வெட்டும் ஒரு ஜோடிப் பல் பக்கத்துக்கு ஒன்று. எலி, அணிலுக்கு முன்னே உளிப்பல், பின்னே நீண்ட இடைவெளி. முயலுக்கும் அப்படித்தான், ஆனால் மேல் உளிப்பல்லின் பின்னால் ஆணிபோல் இன்னொரு சிறு பல் ஒளிந்திருக்கும், மூக்கின் பக்கச் சுவரும் வலைப்பின்னலாக ஓட்டை விழுந்திருக்கும்.

பல் உதிர்ந்த தாடையானாலும் அது மண்டையோட்டோடு சேரும் கீல் இருக்கும் உயரத்தைப் பாருங்கள். பல்வரிசையின் மட்டத்திலேயே, குறுக்கே உருளையாக இருந்தால் ஊனுண்ணி. பல்வரிசைக்கு மிக மேலே, தட்டையாக இருந்தால் தாவரம் மெல்லும் விலங்கு. மண்டையோட்டில் கண்குழியின் பின்பக்கம் எலும்பு வளையம் மூடியிருந்தால் மாடு, ஆடு, மான், குதிரை வகை. திறந்திருந்தால் நாய் அல்லது பன்றி. பின்சுவரே எழும்பி முழுக் கிண்ணமாக இருந்தால் குரங்கு.

தேய்ந்த ஒற்றைப் பல்லை மட்டும் வைத்துப் பெயர் சொல்லாதீர்கள். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் கிடைத்த ஒரு கடைவாய்ப் பல்லை 1922-ல் ஹென்றி ஃபேர்ஃபீல்ட் ஆஸ்பார்ன் என்ற பெயர்பெற்ற தொல்லுயிரியலாளர் மனிதக்குரங்கினுடையது என்று அறிவித்து, அதற்குப் புதுப் பெயரும் சூட்டினார். அதே இடத்தில் மேலும் தேடியபின், அது பன்றியைப் போன்ற பெக்கரி என்ற விலங்கின் பல் என்று 1927-ல் திருத்தம் வந்தது. அடையாளம் காட்டும் மேடுகள் தேய்ந்துபோயிருந்ததுதான் காரணம்.

ஆட்டையும் செம்மறியையும் பிரிப்பது நிபுணர்களுக்கே கடினம். தொல்லியலாளர்கள் பல நேரங்களில் "ஆடு அல்லது செம்மறி" என்றே எழுதி நிறுத்துகிறார்கள். நீங்களும் அப்படி நிறுத்தலாம். நிரூபிக்க முடியாத துல்லியத்தைவிட அது எவ்வளவோ மேல்.

மேற்பரப்புத் தடங்கள்

நேரான, ஒரே ஆழத்தில் இணையாக ஓடும் கோடுகளுடன் தட்டையாக வெட்டப்பட்ட முனை என்றால் ரம்பம், அதாவது அது இறைச்சிக் கழிவு. மெல்லிய V வடிவக் கீறல் கத்தி. இரண்டிரண்டாக, அடி தட்டையான வரிகள் எலியோ முள்ளம்பன்றியோ கரண்டியது. சுருளாக, வழவழப்பாக உடைந்திருந்தால் எலும்பு பச்சையாக இருந்தபோது உடைந்தது. நேராக, சொரசொரப்பாக, உள்நிறம் வெளுத்து உடைந்திருந்தால் காய்ந்த பிறகு. கிளைகிளையாகப் பின்னிய ஆழமில்லாத வாய்க்கால்கள் வேர் அரித்த தடம், செதுக்கிய எழுத்தல்ல.

எவ்வளவு காலம் வெயிலில் கிடந்தது என்பதற்கு தொல்லுயிரியலாளர் அன்னா பெஹ்ரன்ஸ்மேயர் 1978-ல் கென்யாவின் அம்போசெலி ஆய்விலிருந்து வகுத்த 0 முதல் 5 வரையான நிலைகளே இன்றும் அளவுகோல்: பிசுபிசுப்போடு முழுமையாக இருப்பது 0, நீளவாக்கில் விரிசல் 1, மேல்தோல் செதிலாய் உரிவது 2, நார்போல் சொரசொரப்பு 3, சிம்புகளாகப் பிளப்பது 4, தொட்டால் உதிர்வது 5. நிழலிலும் மண்ணுக்குள்ளும் கிடந்தால் இந்த வேகம் பல மடங்கு குறையும், அதனால் நிலையை ஆண்டுகளாக மாற்றிச் சொல்லத் துணியாதீர்கள். கறுத்த எலும்பு குறைந்த வெப்பத்தில் எரிந்ததாகவோ மண்ணின் மாங்கனீஸ் படிந்ததாகவோ இருக்கலாம். வெளுத்துச் சுருங்கி வெடித்தது கடும் வெப்பத்தில் எரிந்தது.

ஓர் எலும்பை முழுதாகப் படித்தல்

11 செ.மீ. நீளக் கால் எலும்பு ஒன்று. மேல் முனை முழுமையாக, மேலிருந்து பார்த்தால் D வடிவில் இருக்கிறது. முன்புறம் மெல்லிய பள்ளம் ஒன்று நீளமாக ஓடுகிறது. கீழ் முனையில் கப்பிகள் இல்லை. அந்த இடத்தில் அருகருகே இரண்டு அலையலையான பரப்புகள். இப்படிப் படியுங்கள்: பள்ளமும் இரட்டை முனையும் இணைந்த கெனான் எலும்பைக் காட்டுகின்றன. D வடிவம் முன்னங்காலைச் சொல்கிறது. பின்னங்கால் என்றால் சதுரமாக இருந்திருக்கும். கீழ் முனை ஒட்டவில்லை, ஆகவே இளம் விலங்கு. ஆடு, செம்மறி என்றால் சுமார் இரண்டு வயதுக்குள். ஆனால் பிறந்த கன்றின் எலும்பாகவும் இருக்கலாமே? தண்டின் தடிமனைப் பாருங்கள். கன்றினுடையது அதே நீளத்துக்கு வெகு தடிமனாக, மேற்பரப்பு நுண்துளைகளோடு மங்கலாக இருக்கும். இது மெலிந்து, ஓடு கெட்டியாக இருக்கிறது. விடை: ஆடு, செம்மறி அல்லது அந்த அளவு மான், முன்னங்கால், வளர்ச்சி முடியாதது. அதற்கு மேல் போக இன்னொரு எலும்பு வேண்டும்.

சுத்தம் செய்து வைத்தல்

காய்ந்த எலும்பைப் பல்துலக்கும் மென்மையான பிரஷ்ஷும் குளிர்ந்த நீரும் கொண்டு கழுவினால் போதும். உதிரும் நிலையில் இருந்தால் நீர் படாமல் உலர்ந்த பிரஷ் மட்டும். சதை ஒட்டியிருந்தால் மூடியுள்ள வாளியில் வெறும் நீரில் ஊறவிட்டு, சில நாட்களுக்கு ஒருமுறை நீரில் ஒரு பகுதியை மட்டும் மாற்றுங்கள். முழுவதும் மாற்றினால் சதையைத் தின்னும் பாக்டீரியாவும் போய்விடும். பல்லும் சிறு எலும்பும் நீரோடு போகாமல் சல்லடையில் வடியுங்கள். மஞ்சள் எண்ணெய்க் கறை இருந்தால் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெதுவெதுப்பான நீரில் வாரக்கணக்கில் ஊற வேண்டும். வெளுக்க வேண்டுமானால் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. மூடியை இறுக்காதீர்கள், வாயு சேர்ந்து வெடிக்கும்.

கொதிக்க வைத்தால் கொழுப்பு உள்ளே இறங்கி, மெல்லிய எலும்புகள் பிளந்துவிடும். குளோரின் பிளீச் அதைவிட மோசம்: எலும்பைப் பிணைத்து வைத்திருக்கும் புரதமான கொலாஜனைத் தின்று, மாதங்கள் கழித்தும் எலும்பு பொடிந்துகொண்டே இருக்கும். கொலாஜன் போனால் இன்னொரு வழியும் அடைபடும். உருவத்தால் பிரிக்க முடியாத துண்டுகளை, கொலாஜனின் பெப்டைட் எனும் சிறு புரதத் துண்டுகளின் வடிவத்தை வைத்து ஆய்வகத்தில் இனம் காணும் ஜூம்ஸ் (ZooMS) முறை ஆட்டையும் செம்மறியையும் கூடப் பிரித்துக் காட்டும். அருங்காட்சியகத்துக்கோ பல்கலைக்கழக விலங்கியல் துறைக்கோ அனுப்பும் எண்ணம் இருந்தால் எதையும் பூசாமல், வெளுக்காமல், நிழலில் உலர்த்திக் காகிதப் பையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் பூஞ்சை பிடிக்கும். கிடைத்த இடம், தேதி, ஆழம், உடன் கிடைத்தவை ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிய சீட்டு அதே பைக்குள் இருக்கட்டும். படங்களை மேல், கீழ், முன், பின், இரு முனைகள் என ஆறு பக்கமும் ஸ்கேலோடு எடுத்து அனுப்பினால், பெரும்பாலான நேரம் எலும்பை அனுப்பாமலேயே விடை கிடைத்துவிடும்.